கடைசிக் கண்ணியில் ஒரு பெயர்

துபாயில் கீழக்கரைக்காரர்கள் கூடும் விழாக்களில் லுக்மான் பாடும் முனாஜாத்துகளுக்குத் தனி மவுசு. இறைவனிடம் கையேந்தும் அந்தப் பாட்டுகளை யார் கட்டியது என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! ம்ஹூம். அத்தனையும் அவர் மனைவி ருமைஸா மாவு பிசைந்துகொண்டே கட்டியவை.

அவளுக்கு ஒரு யூத சமையற்கூடத்தில் வேலை. வெள்ளிக்கிழமை ரொட்டிக்கு மாவு பிசைந்ததும், தலைமைச் சமையல்காரி ஷோஷானா ஒரு துண்டைக் கிள்ளி அடுப்பில் போட்டு ஏதோ முணுமுணுப்பாள். அது என்னவென்று ருமைஸா ஒருநாள் கேட்டாள். ஷோஷானாவின் முன்னோர் ஊரில் பெண்களுக்கு வேதமொழி சரியாகச் சொல்லித்தரவில்லையாம். அதனால் அவர்கள் வீட்டுப் பாஷையிலேயே பிரார்த்தனைகள் எழுதினார்களாம், மாவுக்கு, விளக்குக்கு, பிள்ளைப்பேற்றுக்கு. பெண்பிள்ளை எழுத்துதானே என்று படித்தவர்கள் ஒதுக்கிவிட்டார்களாம். "ஆனாலும் கெட்டிக்காரிகள் சிலர், தங்கள் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனார்கள்" என்று அரைகுறை இந்தியில் சொல்லிச் சிரித்தாள் ஷோஷானா.

அன்று முழுக்க ருமைஸாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுப்பு ஆவிக்குள் முக்காடிட்ட பெண்கள் மாவுக் கையோடு வந்து வந்து நின்றார்கள். அவர்கள் பாஷை தனக்குப் புரிவதுபோலக்கூட இருந்தது. வேலை முடிந்து வேனில் கண்ணயர்ந்தபோது, அடுத்த விழாவுக்குக் கட்டிக்கொண்டிருந்த பாட்டின் கடைசிக் கண்ணி, இரண்டே வரி, தானாக வந்து விழுந்தது.

"மச்சான், இந்தத் தடவை கடைசில எம்பேரு வருது. விட்டுராமப் பாடணும்."

"சபையில பொண்டாட்டி பேரா? சிரிப்பாங்க, புள்ள."

"சிரிக்கட்டுமே. நான் கட்டுன பாட்டு."

"பாப்போம், பாப்போம்."

அவருடைய 'பாப்போம்' எதில் போய் முடியும் என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் நப்பாசை விடவில்லை. விழாவுக்கு ஷோஷானாவையும் கூட்டிவந்து பெண்கள் பக்கம் தன்னருகே உட்காரவைத்தாள்.

லுக்மான் உருகி உருகிப் பாடினார். கடைசிக் கண்ணி வரும் இடத்தில் சட்டென்று "ஆமீன்" சொல்லி மைக்கை வைத்துவிட்டார். சபையும் ஆமீன் என்றது.

ருமைஸா எழுந்தாள். மைக் இல்லாமலே பாடினாள்:

"உப்பும் உறைப்பும் அளந்த இந்தக் கையை
ருமைஸா ஏந்துகிறேன், ரஹ்மானே, பார்!"

சபையே திரும்பிப் பார்த்தது. லுக்மான் தலையைக் குனிந்துகொண்டார். ஷோஷானாவுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. அந்தப் பாட்டில் அவளுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான். அதை உரக்கத் திருப்பிச் சொன்னாள்.

"ருமைஸா!"