ஏழு அளவில் ஒரு கொலை

என் வீட்டுக்காரருக்கு நண்பர்கள் வைத்த பெயர் 'அளவு'. அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற வேலை. மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர் திரைக்கு வால்பேப்பர் வரைந்து இணையத்தில் சும்மா கொடுப்பார். ஒவ்வொரு படமும் ஏழு அளவில் இருக்கும். அகலத் திரைக்கு ஒன்று, பழைய சதுரத் திரைக்கு ஒன்று, கைபேசிக்கு நெட்டையாக ஒன்று என்று போகும். "ஒரே படத்தை வெட்டிப் போட்டா என்னவாம்?" என்று கேட்டால், "வெட்டுற வேலைதான் நாள் பூரா பாக்குறேனே" என்பார். ஏழையும் தனித்தனியாக வரைவார். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுகிற மனிதர். அதை அடிக்கிறவள் நான்.

எங்கள் மாடி ஜன்னலுக்கு எதிரே ஓர் இரும்புக் கிடங்கு. என் தம்பி அங்கே காவலாளி. ஒரு விடுமுறை நாள், பகல் பதினொரு மணி. நான் கடைக்குப் போயிருந்தேன். பூட்டைத் திறக்கத் தாமதித்தான் என்று முதலாளியின் மகன் இரும்புக் கம்பியால் அவனை அடித்தான். முதல் அடி தோளில். இரண்டாவது வாயில். விழுந்த பிறகு பின்மண்டையில் நாலு. நான் காய்கறிப் பையோடு திரும்பி வந்து அவன் ரத்தத்தில்தான் கால் வைத்தேன்.

போலீஸில் 'ஏணியிலிருந்து தவறி விழுந்தார்' என்று எழுதிக்கொண்டார்கள். தெருவில் பார்த்த யாரும் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரும்தான்.

"அவன் சாகுறத வேடிக்கை பாத்தீங்களா? ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்க."

"என்னால பேச முடியாதும்மா. உடம்பெல்லாம் நடுங்குது."

கன்னத்தில் அறைந்தேன். இரண்டு முறை. அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தார். நாலாம் நாள் அந்தக் கொலை ஏழு அளவிலும் இணையத்தில் ஏறியது. அகலத் திரையில் தெரு முழுக்க இருந்தது. பாதி இறங்கிய ஷட்டர், தெறித்துக் கிடந்த பல், ஒதுங்கி நின்ற எட்டுப் பேர். சதுரத்தில் அடிக்கிறவனும் என் தம்பியும். கைபேசி அளவில் ஓங்கிய கம்பியும் அதன் கீழே முதலாளி மகனின் முகமும் மட்டும். அச்சு அசல் அவனேதான்.

"படம் போட்டுட்டேன்ல," என்றார், கடமை முடிந்தாற்போல.

"படம் போய் சாட்சி சொல்லுமா?" என்றேன்.

மறுநாள் மாலை முதலாளி மகன் இரண்டு தடியன்களோடு வந்தான். கைபேசியில் தன் முகத்தைக் காட்டி, "எல்லா அளவையும் அழிடா" என்றான். இவர் ஒவ்வொன்றாக அழித்தார். கடைசிப் படம் போனதும் அவன் இவருடைய வலது கையை மேசை இழுப்பறைக்குள் திணித்து உதைத்து மூடினான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. திறந்து இன்னொரு முறை உதைத்தான். நான் மானிட்டரை வயரோடு பிடுங்கி அவன் மூஞ்சியில் இறக்கினேன். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. தடியன் ஒருவன் என் முடியைப் பற்றிச் சுவரில் மோதினான். நெற்றியில் ஒன்பது தையல். அந்த மானிட்டர் இன்னும் கொஞ்சம் கனமாக இருந்திருக்கலாம்.

மூன்று விரல் இனி மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் இவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடந்தார்.

"எங்க போறீங்க?"

"ஸ்டேஷனுக்கு. கை போச்சு. இனிமே வாயாலதான் சொல்லணும்."

அங்கே குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் ஷட்டரில் ஆரம்பித்து ஆறு அடியையும் வரிசையாகச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்து, "இவ்வளவும் பாத்திருக்கீங்களே, கீழ இறங்கிப் போகலையா?" என்று கேட்டார்.

"முதல் அடி விழுந்ததும் ஓடினேன் சார். வெளிப்படியில மூணு படி இறங்கிட்டேன். அப்ப மச்சினன் என்னைப் பாத்து 'மாமா'ன்னு கூப்பிட்டான். நான் திரும்பி மேல ஏறிட்டேன். அதையும் எழுதிக்கோங்க."

ஏட்டு பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். எனக்கும் அது அப்போதுதான் தெரியும்.

"எழுதுங்க சார்," என்றேன்.