ரெண்டு மாமனுக்கு ஒரே ஆட்டோ

போன ஞாயிற்றுக்கிழமை எழுமலையில் ஒரு காதுகுத்து. போயிருந்தேன். சாப்பாடு பிரமாதம். ஆனால் ஊருக்குள் சுற்றிய ஆட்டோவில் ஒரு ஆள் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தான் பாருங்கள்... காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அந்தக் குரல் என்னுடையது.

எனக்கு மேடைக் குரல் என்று எங்கள் மதுரை திருநகரில் ஒரு தப்பான பேச்சு உண்டு. கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. ரத்ததான முகாமா, பள்ளி ஆண்டு விழாவா... மைக்கைப் பிடித்துப் பேசி, சிடி போட்டுக் கொடுத்துவிடுவேன். ஒரு டீக்குக்கூடச் செலவு வைக்க மாட்டேன் என்பதால் கிராக்கி அதிகம்.

அந்தக் கம்ப்யூட்டரில் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுத்தவன் பாபுராம். கல்யாண மண்டபங்களில் கீபோர்டு வாசிக்கிறவன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவான், வெளியில் மதுரைத் தமிழ். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் முழுக்க இங்கிலீஷ்.

சாஃப்ட்வேரைத் திறந்தால் ஸ்க்ரீன் முழுக்கப் பட்டன்கள். குகைக்குள் பேசுவது போல ஆக்கலாம், கோயில் பிராகாரத்தில் பேசுவது போல ஆக்கலாம், குளியலறையில் பேசுவது போலவும் ஆக்கலாம். அப்படி ஆசைப்படுகிறவர்கள் குளியலறைக்கே போய்ப் பேசிவிட்டு வரலாமே? நான் தொடுவது ரெக்கார்ட், ஸ்டாப், வெட்ட ஒன்று, ஒட்ட ஒன்று, வால்யூம். அவ்வளவுதான்.

"அண்ணே, இம்புட்டு இருக்கு. அஞ்சே அஞ்சைத்தான் தொடுவேன்னா எப்படிண்ணே?" என்று பாபுராம் நிஜமாகவே வருத்தப்படுவான்.

எங்கள் வீட்டு மிக்ஸியில் மூன்று வேகம் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து ஒரே வேகத்தில்தான் சட்னி அரைபடுகிறது. யாராவது குறை சொன்னார்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவியோடு வேலை பார்க்கிற தமிழரசி டீச்சருக்குச் சொந்த ஊர் எழுமலை. மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். டீச்சருக்கு ரெண்டு அண்ணன்கள். பெரியவர் ராசு. சின்னவர் செல்லப்பாண்டியன். ரெண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிணறு. மோட்டார் யார் எப்போது போடுவது என்று ஆரம்பித்த சண்டையில் பேச்சுவார்த்தையே நின்றுபோய்விட்டது.

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். அதற்கு முன்னால் தாய்மாமன் பேரை ஊர் கேட்க ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். இங்கேதான் சிக்கல். யார் பேர் முதலில்?

"பெரியண்ணன், 'நான்தான் மூத்தவன், எம்பேரு முதல்ல வரலேன்னா நான் வாரதா இல்ல'ங்கிறாரு சார். சின்னண்ணன், 'உன்னைப் பிரசவத்துக்குத் தூக்கிட்டு ஓடுனது யாரு, அவனா நானா'ங்கிறாரு" என்றார் டீச்சர்.

"பத்திரிகையில எப்படிப் போட்டீங்க?"

"ரெண்டு விதமா அடிச்சேன் சார். பெரியண்ணன் பக்கம் ஒண்ணு, சின்னண்ணன் பக்கம் ஒண்ணு. ஆட்டோவை அப்படி ஓட்ட முடியாதே? ரெண்டு பேரும் ஒரே தெரு."

"பேரே சொல்லாம விட்டா?"

"ரெண்டு பேருமே வர மாட்டாங்க."

அதுவரை சிரித்துக்கொண்டே பேசியவருக்குத் திடீரெனக் குரல் உடைந்துவிட்டது. "அப்பா அம்மா இல்ல சார் எனக்கு. பொறந்த வீடுன்னா இவங்க ரெண்டு பேருதான். இதுல ஒருத்தர் வராமப் போனா அப்புறம் ஜென்மத்துக்கும் ஒட்டாது" என்றார். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எப்படிச் செய்வது? பாபுராமைக் கூப்பிட்டேன். முதல் பேரின் சத்தத்தைத் தேயவிட்டு ரெண்டாவது பேரை முழங்கவிடலாம் என்றான். எக்கோ போடலாம் என்றான். எக்கோ போட்டால் முதல் பேர் நாலு தடவை முதலில் வரும். வேண்டாம் என்றேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு பேரை ஒட்டி, அதன் தலைமேலேயே இன்னொரு பேரையும் ஒட்டினால்? முதலும் இல்லை, ரெண்டாவதும் இல்லை. ஒரே நேரம்!

செய்து பார்த்தேன். ராசு முடிந்த பிறகும் செல்லப்பாண்டியன் தனியாகப் போய்க்கொண்டே இருந்தார். பெரியவர் விடுவாரா? 'ராஆஆஆசு' என்று இழுத்துப் பேசி மறுபடி ஒட்டினேன். நீளம் சரியாகிவிட்டது. ஆனால் கேட்பதற்குக் கிணற்றடிச் சண்டை மாதிரியே இருந்தது.

பாபுராம் குனிந்து, ஒரு குமிழைக் காட்டினான். இடது, வலது. ஒரு பேரை இந்த ஸ்பீக்கரிலும் மற்றதை அந்த ஸ்பீக்கரிலும் தள்ளிவிடலாமாம். என் ஆறாவது பட்டன்! இடது பக்கம் ராசு, வலது பக்கம் செல்லப்பாண்டியன். ரெண்டும் கணீர் என்று தனித்தனியாகக் கேட்டன. ஆட்டோவில் ரெண்டு குழாய் ஸ்பீக்கர், தெருவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

டீச்சர் கேட்டுவிட்டு, "எந்தப் பக்கத்துக்கு மதிப்பு ஜாஸ்தி சார்?" என்றார்.

"ஆட்டோ திரும்பி வரும்போது பக்கம் மாறிடும் டீச்சர்" என்றேன். நிம்மதியாகச் சிடியை வாங்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை மாலை பாபுராமிடமிருந்து போன்.

"அண்ணே, ஒரு சின்ன டவுட்டு. ஆட்டோல கட்டுறது பழைய ஆம்ப்ளிஃபயரு. அதுக்கு இடது வலதெல்லாம் தெரியாதுண்ணே. எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து ரெண்டு குழாயிலயும் விட்டுரும்."

"இதை ஏன்டா முதல்லயே சொல்லல?"

"நீங்க ஆட்டோன்னுதான் சொன்னீங்க, நான் எஃபெக்ட்டைத்தானேண்ணே பாத்தேன்!"

இத்தனை பட்டன் தெரிந்தவனுக்கு ஆட்டோ தெரியவில்லை. எனக்கோ ரெண்டுமே தெரியவில்லை. எழுமலைக்குப் போன் போட்டால் ஆட்டோ ஏற்கெனவே கிளம்பிவிட்டதாம். எனக்குப் பயம் வந்துவிட்டது. நிஜமான பயம். டீச்சர் முகத்தில் இனி எப்படி விழிப்பது? மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து எழுமலையில் இறங்கினேன்.

இறங்கியதுமே கேட்டது. "...அன்புத் தாய்மாமன் க்ராஆஆல்லப்பாஸூண்டு..." தெருவில் போன ஒரு தாத்தா நின்று, ஆட்டோவைப் பார்த்துவிட்டு, "மைக்குக்காரனுக்குப் பல்லுல வலி போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோயில் வாசலில் வெள்ளை வேட்டியில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சார்! நான்தான் ராசு. நீங்கதான பேசுனது? எம்பேரு கணீர்னு விழுந்துச்சு சார். அவன் பேருதான் சுத்தமா விளங்கல." பரம திருப்தி முகத்தில்.

பந்தலுக்குள் நுழைந்தால் இன்னொரு வெள்ளை வேட்டி. "சார், நான் செல்லப்பாண்டியன். முழுப் பேரும் அட்சர சுத்தமாச் சொல்லியிருக்கீங்க. பெரியவரு பேரு ஏதோ இழுவையாப் போச்சு... பரவால்ல, விடுங்க."

தன் பேரைத் தேடிப் போகிற காதுக்கு அது கிடைத்துவிடுகிறது போல. மற்றவன் பேர் வெறும் இரைச்சல். நம் எல்லாருக்குமே அப்படித்தானே?

ஜமுக்காளத்தில் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், முகத்தை மட்டும் ஆளுக்கொரு திசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பையனைக் குறுக்காக ரெண்டு மடியிலும் சேர்த்துப் போட்டார்கள். ஆசாரி கம்பியை எடுத்ததுதான் தாமதம், பையன் துள்ளிய துள்ளலில் ஜரிகைத் தொப்பி பறந்தது. கம்பி கன்னத்துப் பக்கம் போகிறது...

"டேய், தலையைப் புடிடா!" என்று கத்தினார் ராசு.

"புடிச்சிட்டேண்ணே, நீ காலை அமுக்கு!"

பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி. சொன்ன பிறகுதான் ரெண்டு பேருக்கும் உறைத்தது. அதற்குள் முதல் காது முடிந்துவிட்டது. எந்தக் காது முதலில் குத்தினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பின்னால் நின்ற டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என் கண்ணும் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன். பக்கத்தில் புகை எதுவும் இல்லை.

கிளம்பும்போது டீச்சர் ஓடி வந்தார். "சார், அந்த சிடியை நானே வச்சுக்கவா?"

"எதுக்கு டீச்சர்? அதுல ஒரு எழவும் புரியலையே. ஊரே சிரிக்குது."

"எனக்குப் புரியுது சார்" என்றார். "ரெண்டு பேரு பேரும் கேக்குது."