மஞ்சளில் நின்ற பெயர்

பதினொரு பெயர்கள் பச்சையாகிவிட்டன. பன்னிரண்டாவது மஞ்சளிலேயே நின்றது. சாயிரா பானு கைப்பேசியில் பக்கத்தை விரலால் கீழே இழுத்துவிட்டுப் பார்த்தாள். மஞ்சள்தான். கவிப்ரியா அழகப்பன், வயது பதின்மூன்று, பெண்டிங்.

"சிஸ்டர், என் நம்பர் எப்ப வரும்?" கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"இன்னும் ரெண்டு பேர் ஐயா."

சிராங்கூன் சாலையில் உள்ள அந்தப் பல் மருந்தகத்தின் முன்மேசையில் அவளுக்குப் பதினோராவது ஆண்டு. ஈசூனில் ஒரு நெட்பால் மன்றத்தின் சிறுமியர் அணிக்குச் சம்பளமில்லாத மேலாளர். அது ஆறாவது ஆண்டு. மகள் அமீரா ஆடியதால் வந்த வேலை. அமீரா ஆட்டத்தை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

"நீங்க இன்னும் என் டீம்ல இருக்கீங்க உம்மா. நானே இல்ல லா அதுல," என்பாள்.

மன்றத்தின் செயலியை யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. தவறு செய்தே கற்றாள். அம்மை போட்ட பெண்ணை ஓய்வெடுக்கட்டும் என்று இன்ஆக்டிவில் போட்டாள். மறுவாரம் அந்தப் பெண்ணின் சட்டை எண் இன்னொருத்திக்குப் போய்விட்டது. காயமென்றால் இஞ்சர்ட், அதில் இடம் போகாது. ரிலீஸ்ட் என்று போட்டால் பருவம் முடியும்வரை எந்த மன்றத்திலும் ஆட முடியாது. பெண்டிங் என்றால் பெற்றோர் சம்மதிக்கவில்லை.

பெற்றோர் ஒருபோதும் சம்மதித்ததில்லை. மறுக்கவும் இல்லை. "நீங்களே போட்டுருங்க அக்கா, எனக்கு இதெல்லாம் வராது" என்றார்கள். அவள் பொறுப்பாளர் என்ற கட்டத்தில் தன் எண்ணைப் போட்டாள். ஒவ்வோர் ஆண்டும் புதுப் பிள்ளைகள் வந்தார்கள், அதே பதிலோடு. இப்படிப் பன்னிரண்டு பெண்களுக்கு அவள் பொறுப்பாளர். ஆட்டத்துக்கு முன் பொறுப்பாளர் மைதானத்தில் நின்று தன் கைப்பேசியில் அழுத்தினால்தான் பிள்ளை ஆடலாம். சனிக்கிழமைகள் அப்படிப் போயின.

இந்த ஆண்டு மருந்தகம் அவளைப் பல் மருத்துவ உதவியாளர் படிப்புக்குத் தேர்ந்தெடுத்தது. ஓராண்டு, சனிக்கிழமை காலை வகுப்புகள். முடித்தால் முன்மேசையிலிருந்து உள்ளே போகலாம். அடுத்த ஆண்டு இடம் கிடைக்குமா என்று கேட்டதற்கு மருத்துவர், "சொல்ல முடியாது" என்றார். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் சம்மதம் அனுப்ப வேண்டும். ஆட்டக்காரர் பட்டியலைப் பூட்டுவதும் அதே வெள்ளி, அதே ஆறு மணி.

மூன்று வாரமாகப் பெற்றோரை ஒவ்வொருவராகக் கெஞ்சினாள். பதினொரு பேர் ஒப்புக்கொண்டு தங்கள் எண்ணுக்கு மாறினார்கள். அழகப்பன் மட்டும் "நாளைக்குப் பண்றேன் அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளி மதியம் மன்றச் செயலாளர் நிரஞ்சனாவை அழைத்தாள்.

"நான் விலகிட்டு, அந்தப் பொண்ண உன் நம்பர்ல போட்டுக்கலாமா?"

"முடியாது அக்கா. நியூ ரூல். சொந்தப் பிள்ளைக்குத்தான் இனிமே கார்டியனா சேரலாம். பழசு மட்டும் அப்படியே இருக்கலாம்."

"பழசுன்னா?"

"நீங்கதான்."

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினாள். டோபி காட் நிலையத்தில் மாறி ஈசூன் வந்தபோது மணி ஐந்து. அழகப்பன் பஸ் ஓட்டுநர். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே இருபது நிமிடம் பஸ் நிலையத்தில் இருப்பார். சீருடையில், பிளாஸ்டிக் பையில் பால் கலக்காத தே-ஓ டீயைப் பிடித்தபடி தூணருகே நின்றிருந்தார்.

"என்ன அக்கா இவ்வளவு தூரம். உங்களுக்கு ஒரு டீ?"

"போனக் குடுங்க தம்பி. நானே காட்டுறேன். ஒரு பட்டன்தான்."

அவர் கைப்பேசியை எடுக்கவில்லை.

"பட்டன் எனக்குத் தெரியும் அக்கா."

"தெரியுமா? அப்புறம் என்ன?"

"அழுத்தினா பச்சையாயிடும். பச்சையானா நீங்க போயிடுவீங்க." தே-ஓவை ஒரு வாய் உறிஞ்சினார். "சனிக்கிழம காலையில நான் வண்டியில. அவ அம்மா சாங்கி ஏர்போர்ட்ல ஷிஃப்ட். மைதானத்துல வந்து யாரு அழுத்துவா?"

"ஷிஃப்ட மாத்திக் கேட்டீங்களா?"

"ரெண்டு தடவ கேட்டேன். ஆள் இல்லன்னுட்டாங்க."

"அத எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. மூணு வாரம் நாளைக்கு நாளைக்குன்னு."

"சொன்னா நீங்க வேற வழி தேடுவீங்க. மஞ்சளாவே இருந்தா நீங்க விட்டுட்டுப் போக மாட்டீங்கன்னு தெரியும். தப்புதான். அவளுக்கு இந்த ஆட்டத்த விட்டா வேற ஒண்ணும் இல்ல அக்கா. ஸ்கூல்ல கூட யார்கிட்டயும் பேச மாட்டா."

"எனக்கும் வகுப்பு இருக்கு தம்பி."

"கவி சொன்னா." அவர் கீழே பார்த்தார். "நல்ல படிப்புன்னு சொன்னா."

அவள் அவரைத் திட்ட வாயெடுத்தாள். ஆனால் ஏமாற்றிய மனிதனைப் போல அவர் நிற்கவில்லை. வரிசையில் நிற்பவரைப் போல நின்றார். அவருடைய பஸ்ஸின் எண் பலகையில் வந்தது. "போயிட்டு வந்துடறேன்," என்றார், அவள் அங்கேயே காத்திருக்கப்போகிறாள் என்பது போல.

ஐந்து நாற்பதுக்கு அவள் செயலியைத் திறந்து விலகு என்ற பொத்தானைத் தொட்டாள். கேள்வி ஒன்று வந்தது. நீங்கள் விலகினால் ஓர் ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து நீங்குவார், தொடரலாமா. ஆம், இல்லை. பயணிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரோ இடித்துவிட்டு, சாரி ஆன்ட்டி என்றார்கள். திரை தானாக இருண்டது. மறுபடி திறந்தாள். அதே கேள்வி.

ஐந்து ஐம்பத்தேழுக்கு இல்லை என்பதை அழுத்தினாள். பிறகு, கவிப்ரியாவின் பெயரைத் தொட்டு, பழைய பொறுப்பாளர் தொடர்கிறார் என்பதற்குச் சம்மதித்தாள். பச்சையானது. படிப்புக்கான சம்மதத்தை அவள் அனுப்பவில்லை. ஆறு மணிக்குப் பட்டியல் பூட்டப்பட்டது. நிரஞ்சனாவின் செய்தி வந்தது: "தேங்க்ஸ் அக்கா. நவம்பர் வரைக்கும் இனி எதுவும் மாத்த முடியாது."

மறுநாள் சனிக்கிழமை. சாயிரா பானு ஏழரை மணிக்கு மைதானம் போனாள். எட்டு மணிக்குத் தன் கைப்பேசியில் அழுத்தினாள். மற்ற பதினொரு பேருக்கு அவரவர் பெற்றோர் அழுத்தினார்கள். கவிப்ரியா இரண்டாம் பாதியில் ஆடினாள். அணி பதினொன்றுக்குப் பத்தொன்பது என்று தோற்றது. ஒன்பதே முக்காலுக்குப் படிப்பு நிலையத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவளுடைய இடம் காத்திருப்போர் பட்டியலில் இருந்த வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பத்தரை மணிக்குப் பந்துகளை எண்ணிப் பைக்குள் போட்டு, பண்டக அறையைப் பூட்டினாள். வீட்டுக்குப் போகும் வழியில் மீன் வாங்கினாள். மதியம் சமைத்தாள். நான்கு மணிக்கு மழை பெய்தது.