ஐந்து கிண்ணத்துப் பைன் கட்டை

வேலை முடிந்து வந்ததும் வுர்யானிக்கு இன்னொரு வேலை காத்திருக்கும். அதற்கு விளையாட்டு என்று யாரோ பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர் தன் வாழ்நாளில் ஒரு மரம்கூட வெட்டியிருக்க மாட்டார்.

உங்காரான் மேட்டில் உள்ள ஒரு தையல் தொழிற்சாலையில் அவள் சட்டைப் பையின் மூடியை மட்டும் தைப்பவள். பையைத் தைப்பது அடுத்த வரிசை. பொத்தான் அதற்கும் அடுத்தது. இளவயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு முன்தலை நரைத்துவிட்டது, ஆனாலும் ஒரு முழுச் சட்டையை அவள் கை முடித்ததே இல்லை. மாலையில் வாடகை அறைக்கு வந்து குளித்து, தெருமுனைக் கடையில் வாங்கிய சோற்றையும் தெம்பே என்கிற சோயாக் கட்டிப் பொரியலையும் முடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து போனை எடுப்பாள்.

போனுக்குள் ஒரு காடு. அதில் வெறுங்கையோடுதான் இறங்க வேண்டும். கல் பொறுக்கி, கொடி அறுத்து, இரண்டையும் ஒரு குச்சியில் கட்டினால் கோடரி. கோடரியால் மரம் வெட்டலாம், ஆனால் கொஞ்ச நேரத்தில் தேய்ந்து உடைந்துவிடும். மறுபடி கல் பொறுக்கப் போக வேண்டும். நடுவில் பசிக்கும், மான் அடிக்க வேண்டும். குளிரும், மான் தோலைப் பதப்படுத்தித் தைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இத்தனை பாடுபட்டு ஒரு வீட்டைக் கட்டினால், அதுவாவது சும்மா நிற்குமா? நிற்காது. வீட்டுக்குத் தினமும் மரக்கட்டை தீனி போட வேண்டும். போடாத வீட்டின் கூரை வெளுக்கும், சுவர் விரிசல் விடும், கடைசியில் பொடிந்து அந்த இடத்தில் புல் முளைத்துவிடும்.

வீட்டுக்காரம்மா இபு லஸ்மிக்கு இது பொறுக்கவில்லை. வாசலில் நின்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"பகல்ல மிஷினோட மாரடிக்கறே, சாயங்காலம் மரத்தோட மாரடிக்கறே. உனக்கு யாரு விட்ட சாபம் இது?"

"இந்த மரம் வெட்டினா விழும் இபு. அங்க இன்னிக்குச் சொன்ன கணக்கை முடிச்சா, நாளைக்கு ஏத்தி வெச்சுடறான். மரம் அப்படிப் பண்றதில்ல."

"விழுந்து? எங்க வீட்டு அடுப்புக்கு ஆகுமா?"

"ஆகாது."

"அப்போ நீ பைத்தியம்தான்" என்று சொல்லிவிட்டு, கொண்டு வந்த வாழைப்பழப் பொரியலை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள் இபு லஸ்மி.

வுர்யானி சொன்னது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. அந்தக் காட்டில் ஆறு வீடுகள் இருந்தன. அதில் ஒன்றுதான் அவளுடையது.

நோய் பரவி எல்லாரையும் வீட்டுக்குள் பூட்டிய காலத்தில், இபு லஸ்மியின் விடுதியில் ஆறு பேர் ஊருக்கும் போக முடியாமல் தொழிற்சாலைக்கும் போக முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். வுர்யானி, வாய் ஓயாத தித்தின், லாரி ஓட்டும் பார்ஜோ, வொனோகிரியிலிருந்து வந்த அக்கா தங்கை ஹர்னியும் ஹர்த்தியும், துணி வெட்டும் பிரிவில் இருந்த கிஸ்மந்தோ. பார்ஜோதான் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். ஆறு பேருக்கு மட்டும் திறக்கும் தனிக் காடு. அவரவர் அறையில் படுத்துக்கொண்டே, சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கத்திப் பேசிக்கொண்டு ஒரு ஊரையே கட்டினார்கள்.

ஊர் என்றால் காவல் வேண்டும், காவல் என்றால் 'ஜிம்பிதான்' என்கிற அரிசிக் கிண்ண வழக்கமும் வேண்டும் என்றாள் தித்தின். அந்த வழக்கம் அந்தப் பக்கத்து எல்லாத் தெருவிலும் உண்டு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்னக் கிண்ணம் தொங்கும். படுக்கப் போகுமுன் அதில் ஒரு கைப்பிடி அரிசி போட்டு வைப்பார்கள். ராக்காவல் சுற்றி வருகிறவர்கள் அதை எடுத்துப் போவார்கள். அரிசி பொதுவுக்குப் போகும், ஆனால் விஷயம் அரிசியில் இல்லை. கிண்ணத்தில் அரிசி கிடந்தால் வீட்டில் ஆள் நலம் என்று காவலுக்குத் தெரியும். விடிந்து பார்க்கும்போது கிண்ணம் காலி என்றால் காவல் வந்து போனது வீட்டுக்குத் தெரியும்.

ஆட்டத்திலும் அப்படியே ஆளுக்கொரு பெட்டியை வாசலில் வைத்துக் கிண்ணம் என்று பெயரிட்டார்கள். ஒவ்வொருவரும் தினம் ஒரு மரக்கட்டை போட வேண்டும். காவல் முறைக்காரர் எடுத்துப்போய் எந்த வீடு வெளுத்திருக்கிறதோ அதற்குத் தீனி போடுவார். எல்லாரும் தேக்குக் கட்டை போட்டார்கள். கிஸ்மந்தோ மட்டும் பைன் போட்டான். பைன் ஆற்றங்கரையில் சும்மா முளைத்துக் கிடக்கும், நாலு வெட்டில் விழும், வீட்டுக்குப் போட்டால் அரை நாள்கூடத் தாங்காது.

"நிஜக் கிண்ணத்துலயே எண்ணி எண்ணித்தான் அரிசி போடுவான், இங்க மட்டும் தாராளமா வருமா?" என்பாள் தித்தின்.

"கட்டைன்னுதானே சொன்னீங்க, என்ன கட்டைன்னு சொன்னீங்களா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து வரும் பதில். பிசுநாறி என்ற பெயர் அவனுக்கு அப்படித்தான் நிலைத்தது.

பிறகு பூட்டுத் திறந்தது, உலகம் ஓட ஆரம்பித்தது. தித்தின் கல்யாணமாகிக் கடல் தாண்டிக் கலிமந்தான் போனாள். பார்ஜோ கம்பெனி மாறினான். அக்கா தங்கை இருவரும் ஊருக்குப் போய்ச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். கிஸ்மந்தோ தைவானில் ஒரு துறைமுகத்துக்கு வலை வேலைக்குப் போனான். அவர்கள் அறைகளில் வேறு பெண்கள் வந்தார்கள், காதில் எதையாவது செருகிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளும் சின்னப் பெண்கள். போனில் இருந்த ஆறு பேர் குழுவில் பேச்சு குறைந்து, வாழ்த்துப் படமாகி, அதுவும் நின்றது.

வுர்யானிக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீட்டில் தம்பி பெண்டாட்டியின் முகம் 'வந்தது போதும்' என்று சொல்லும். ஒற்றைக்கட்டை. அதை அவள் மறைத்ததும் இல்லை, யாரிடமும் சொல்லி அழுததும் இல்லை. ஆனால் ஒரு மழைக்காலத்தில் ஐந்து கிண்ணமும் தொடர்ந்து காலியாகக் கிடக்க, அவளால் பொறுக்க முடியவில்லை. குழுவில் குரலைப் பதிந்து அனுப்பினாள். "யாருமே வரலைன்னா நான் மட்டும் யாருக்குக் காவல் காக்கறது? நானும் நிறுத்திடறேன்பா."

மறுநாள் மாலை கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று போனாள். ஐந்து கிண்ணத்திலும் ஆளுக்கொரு கட்டை கிடந்தது.

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பைப் பார்க்க அறையில் ஈ காக்கை இல்லை. வாயால் பதில் சொல்லாவிட்டாலும், அவரவர் நேரத்துக்கு வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். அதன்பிறகு ஒருநாள்கூடக் கிண்ணம் காலியாக இருந்ததில்லை. அவள் தொழிற்சாலையில் இருக்கும் பகல் வேளையில் கட்டைகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. அந்த ஐந்து கட்டை ஒரு வீட்டுக்கே பத்தாது. மீதியை அவள் வெட்டினாள். தோள் வலிக்க மூடி தைத்துவிட்டு வந்து, கட்டைவிரல் வலிக்க மரம் வெட்டினாள். ஐந்து பேர் நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், நாம் எப்படிப் படுத்துக்கொள்வது என்பது அவள் நியாயம்.

ஒரே ஒரு குறை. எல்லாக் கட்டையும் பைன். "பிசுநாறியோட சேர்ந்து நீங்களும் கெட்டுட்டீங்களா?" என்று குழுவில் கேலி எழுதினாள். யாரோ ஒருவர் கட்டைவிரல் உயர்த்திய படம் போட்டார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. இவ்வளவு வெளிப்படையான விஷயம் அவள் கண்ணில் படவில்லையே என்று கேட்கலாம். பார்க்கக் கூடாது என்று இருப்பவர்களுக்கு யானை போனாலும் தெரியாது.

அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு விடுதி முழுக்க ஊருக்குக் கிளம்பிவிட்டது. வுர்யானி குழுவில் எழுதினாள். பெருநாள் தொழுகை முடிந்ததும் ஆறு பேரும் நம் ஊரில் கூடுவோம், முறைப்படி ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்போம், வெறுமனே வந்து நின்றால் போதும். இதற்காக நோன்பு மாதம் பூராவும் வேலை பார்த்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விளக்கு நட்டாள். கிணற்றடியில் நீள மேசை போட்டு ஆறு நாற்காலி செய்தாள். மான் இறைச்சி சுட்டு அடுக்கினாள். அவர்கள் வந்தால் இன்னும் கொஞ்ச காலம் இந்த ஊர் நிற்கும். வராவிட்டால் என்ன என்று அவள் யோசிக்கவே இல்லை, ஏனென்றால் தினமும்தான் வருகிறார்களே.

பெருநாள் காலை, இபு லஸ்மி கொடுத்தனுப்பிய, ஓலைப் பொதியில் வெந்த கெதுபாத் சோறும் கோழிக் குழம்பும் ஆறிக்கொண்டிருக்க, அவள் போனுக்குள் மேசை முனையில் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து, ஊருக்குள் வரும் பாலத்தில் ஓர் உருவம் வந்தது. பதப்படுத்தாத தோலுடுப்பு, பாதி தேய்ந்த கோடரி.

"என்னக்கா, கல்யாண வீடு மாதிரி விளக்குப் போட்டிருக்கீங்க?" போன் வழியே கிஸ்மந்தோவின் குரல்.

"பெருநாள் நல்வாழ்த்துப்பா. உடம்பாலயும் மனசாலயும் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுடு. உக்காரு. மத்தவங்க வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம்."

"மத்தவங்களா?"

"தித்தின் எப்பவும் லேட்டுதான். ஆனா வருவா. நேத்துகூடக் கட்டை போட்டிருந்தா."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தத்துக்கும் கடல் பறவையின் சத்தத்துக்கும் நடுவில் அவன் சொன்னான்.

"அக்கா, அது நான் போட்டது."

"உன் கிண்ணத்தைச் சொல்லல. தித்தினோடது."

"தித்தினோடதும் நாந்தான். அஞ்சும் நாந்தான். தித்தின் அக்கா அந்தப் போனையே எப்பவோ வித்துட்டாங்க."

வுர்யானிக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"எதுக்கு? என்னை வெச்சு விளையாடினியா?"

"நிறுத்திடறேன்னு குரல் அனுப்பினீங்கள்ல. அதைக் கேட்டுட்டு எனக்குச் சோறு இறங்கலக்கா. இங்க நான் தங்கற எடத்துல யாருக்கும் என் பாஷை தெரியாது. சாப்பாட்டு வேளையில இந்தக் காட்டுக்குள்ள வந்தா, என் வீடு வெளுக்காம நிக்கும். யாரோ பாத்துக்கறாங்கன்னு இருக்கும். நீங்க நிறுத்திட்டா நான் எங்க போறது?"

"அதுக்காக? என்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே."

"நான் ஒருத்தன் போட்டா நீங்க நிப்பீங்களா? என்னை உங்களுக்குப் பிடிக்காது."

அது பொய் இல்லை. ஐந்து பேரில் அவள் கடைசியாக நினைப்பது அவனைத்தான்.

"நாலு பேரை ஒரே மூச்சுல கொன்னுட்டியேடா" என்றாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே, "அஞ்சு பேர் பேருல போட்டியே, ஒருநாளாவது தேக்கு போட்டியா?" என்றாள்.

"சாப்பாட்டு வேளைக்குள்ள அஞ்சு தேக்கு வெட்ட முடியுமாக்கா? கை என்னத்துக்கு ஆகும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் ஆறு நாற்காலி மேசையில் உட்கார்ந்து மான் இறைச்சி தின்றார்கள். நிஜத்தில் அவள் கெதுபாத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். தனக்கு அங்கே பொட்டலச் சோறு என்றான் அவன். அப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொன்னான். கரை வேலை முடிந்துவிட்டது. நாளை மறுநாள் ஆழ்கடல் படகில் ஏறுகிறான். படகில் சிக்னல் கிடையாது. வருடமோ அதற்கு மேலோ, தெரியாது.

"அதைச் சொல்லத்தான் வந்தேன். திடீர்னு கிண்ணம் காலியா கெடந்தா நீங்க பயந்துடுவீங்க. வீட்டையெல்லாம் விட்டுடுங்கக்கா. இடிஞ்சா இடியட்டும். நீங்களும் கொஞ்சம் தூங்குங்க."

"சரி" என்றாள்.

"நெஜமா விட்டுடணும்."

"சரின்னேன்ல. நீ பாத்துப் போ. தண்ணி மேல ஜாக்கிரதை."

உருவம் பாலத்தைத் தாண்டிப் போனது. அவள் அன்று விளக்குகளை அணைக்கவில்லை.

விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறந்தது. பை மூடிகள் வந்து குவிந்தன. ஒரு வாரத்துக்கு மேல் அவள் காட்டுப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் சீக்கிரம் படுத்தாள், தூக்கமும் வந்தது. இபு லஸ்மி, "இப்பத்தான் மனுஷியா இருக்கே" என்றாள். பக்கத்து அறைப் பெண் போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தது சுவர் வழியாகக் கேட்டது. முன்பு அந்தச் சுவர் வழியாகத்தான் தித்தின் கத்துவாள். வுர்யானி எழுந்து உட்கார்ந்தாள்.

காட்டில் ஆறு கூரையும் வெளுத்திருந்தன. கிஸ்மந்தோவின் வீட்டுச் சுவரில் விரிசல் ஓடியிருந்தது. ஐந்து கிண்ணமும் காலி. அவள் கல் பொறுக்கினாள், கொடி அறுத்தாள், கோடரி கட்டினாள். மேட்டுக்கு ஏறித் தேக்கு வெட்டினாள். பிறகு ஆற்றங்கரைக்கு இறங்கி ஒரே ஒரு பைன் வெட்டினாள்.

தித்தின் கிண்ணத்தில் தேக்குப் போட்டாள். பார்ஜோவுக்குத் தேக்கு. ஹர்னிக்கும் ஹர்த்திக்கும் தேக்கு. கிஸ்மந்தோ கிண்ணத்தில் பைன் போட்டாள். போட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காவல்காரியாகத் திரும்பி வந்து, வீடு வீடாக நின்று எடுத்துக்கொண்டாள். கடைசி வாசலில் கிண்ணத்துக்குள் பார்த்து வாய்விட்டே சொன்னாள்.

"இன்னிக்கும் பைனா, பிசுநாறி?"