பிளக்காத குழாய்

இரும்பைச் சுண்டிவிட்டுக் காதை அதன் வாயருகே கொண்டுபோகிறார் டமால். ஓசை அடங்கியதும் மறுபடி சுண்டுகிறார். ஒரு சொம்பு உயரம்தான் இருக்கும் அந்தக் குழாய். அடி மூடியது, வாய் வானத்தைப் பார்த்தது. கனத்த மரக்கட்டையில் பட்டை போட்டு இறுக்கி உட்கார்த்திய குட்டைப் பீரங்கி. விரிசல் இருந்தால் ஓசை கம்மும் என்பது அவர் கணக்கு. ஓசை கணீரென்று வருகிறது. "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். சொல்லும்போது துக்கம் கேட்டவர் முகமாக இருக்கிறது அவர் முகம்.

பம்பு பழுது பார்க்கும் பட்டறையில், இரும்பைக் கடையும் லேத் ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டிய, தோள் ஒடுங்கிய மனிதர். டமால் என்பது தெரு வைத்த பெயர், பார்சல் கொண்டுவருகிறவன்கூட "டமால் சார் வீடு எது?" என்றுதான் விசாரிப்பான். பேச்சு பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் எட்டும். "வாயால பேச வேண்டியதை எல்லாம் பீரங்கியாலயே பேசித் தீர்த்துக்கிறார் மனுஷன்" என்பார் எதிர்வீட்டுத் தையல்காரர்.

ஆசையாய் ஆரம்பித்த விளையாட்டுதான் அது. விடுமுறை நாளில் ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரிக்கு அவரும் மைத்துனனும் போவார்கள். மைத்துனன் என்றால் டமால் மனைவியின் தம்பி; பஸ் டிரைவர், பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. குழாயில் கருமருந்து போட்டு, சிவப்புச் சாயம் அடித்த மர உருண்டையை இறக்கி, திரியைப் பற்றவைத்துவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஓடுவார்கள். உருண்டை மேலே போய், உச்சியில் போவதா வருவதா என்று யோசிப்பதுபோல் நிற்கும். அந்தக் கண நேரத்துக்குத்தான் இத்தனை பாடு. "எங்க அக்காவை உங்களுக்குக் கட்டிக்குடுத்ததுல எனக்குக் கிடைச்ச ஒரே லாபம் இந்த பீரங்கிதான் மாமா" என்பான் மைத்துனன். டமால் சத்தமில்லாமல் சிரிப்பார், வயிறு மட்டும் குலுங்கும்.

ஒரு நாள் உருண்டை மேலே போகவில்லை. குழாய் பிளந்தது. பாறைக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனனின் வலது கண்ணில் ஒரு சில்லு பாய்ந்து, அந்தக் கண் போய்விட்டது. டமாலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பஸ் ஓட்டியவன் இப்போது அதே டெப்போவின் வாசலில், போகிற வருகிற பஸ்ஸுக்குக் கம்பிக் கதவைத் திறந்து மூடுகிறான்.

குழாயின் துண்டுகள் குவாரித் தண்ணீருக்குள் போய்விட்டன. டமால் மூச்சடக்கி மூழ்கி மூழ்கித் தேடினார். கையில் சேறுதான் வந்தது. துண்டு கிடைத்திருந்தால் பிளந்த வாயைப் பார்த்தே சொல்லிவிடுவார், இரும்புக்குள் முன்பே ஓட்டை இருந்ததா, இல்லை தன் உளிதான் ஒரு பக்கம் அதிகமாகச் சீவிவிட்டதா என்று. கிடைக்காததால் மறுபடி செய்யத் தொடங்கினார். அதே கடையில் அதே இரும்பு. அதே உளி, அதே கனம். தன்னந்தனியாகக் குவாரிக்குப் போய், நீளத் திரி வைத்து, பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொள்வார். இரும்பில் கோளாறு என்றால் இன்னொன்றும் பிளந்தாக வேண்டும். பிளக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் உருண்டை அழகாக மேலே போகிறது. அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. புகை கலைந்ததும் போய்க் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு, அங்கேயே கல்மேல் உட்கார்ந்துவிடுகிறார்.

பட்டறை முதலாளி லேத்தைத் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. "உனக்குப் பைத்தியம்னு நான் சொல்ல மாட்டேன்யா. நீயும் வெளியில சொல்லிக்காத" என்றார். மனைவி அவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு வைக்கும்போது சுவரைப் பார்த்துத்தான் பேச்சு. "இன்னும் எத்தனை கண்ணு வேணுமாம்?"   அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறார்.

சென்ற வாரம் சாப்பாட்டு நேரத்தில் மைத்துனன் பட்டறைக்கு வந்தான். டமால் டீ வாங்கிவரச் சொல்லி, லேத் பக்கத்துப் பலகையில் வைத்தார். கொஞ்ச நேரம் டெப்போ கதை ஓடியது. பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இத்தனை நாள் பயத்துல சொல்லல."

"சொல்லு."

"அன்னைக்கு நீங்க தண்ணி குடிக்கப் போனீங்கல்ல? அப்ப நான் இன்னொரு கரண்டி மருந்து சேர்த்துப் போட்டேன். சத்தம் பெருசா கேக்கட்டுமேன்னு. அதான் பிளந்துச்சு. உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல."

டமால் அன்று தண்ணீர் குடிக்கப் போகவில்லை. மருந்துப் பெட்டி பூட்டியே இருந்தது. சாவி அவர் இடுப்பில். மருந்தை அளந்து போட்டதும் அவர் கைதான். இவனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் காது சிவந்துவிடும். இப்போதும் சிவந்திருந்தது.

"அப்படியாடா?"

"சத்தியமா மாமா. அக்காகிட்டயும் சொல்லிட்டேன். ஒரு அறை விட்டுச்சு." அவன் சிரித்தான். "இனிமே செய்ய மாட்டீங்கல்ல? விட்டுடுங்க. போதும்."

லேத்தின் வாயில் அடுத்த குழாய்க்கான இரும்பு ஏற்கெனவே பூட்டியிருந்தது. டமால் எண்ணெய்த் துணியை எடுத்து அதன்மேல் போட்டார்.

"இல்லடா. விட்டுட்டேன்."

மைத்துனனுக்கு அப்படி ஒரு நிம்மதி. "அப்பாடா" என்று சொல்லிக்கொண்டே டீயை எடுக்கக் கையை நீட்டினான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல், கை கிளாஸுக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே காற்றைப் பிடித்து மூடிக்கொண்டது. டமால் அவன் முகத்தைப் பார்க்காமல், இரண்டு விரலால் கிளாஸை மெல்ல நகர்த்தி அந்தக் கைக்குள் வைத்தார்.