நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம்: நெஞ்சில் மிஞ்சிய கட்டியோடு 27 கிலோமீற்றர்

நெஞ்சு அறுவைக்குப் போகிறவரைக் காரில் கூட்டிப் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போகலாம். 1989 மாசியில் நான் அப்படித்தான் போனேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

சுவாசப்பைகளுக்கு நடுவே இருந்த புற்றுக் கட்டிக்காகக் கொழும்பில் நான்கு முறை மருந்து ஏற்றியிருந்தார்கள். தலைமயிர் கொட்டியது, இரத்தப் பரிசோதனை சரியாக வந்தது. சுகம் என்று வீட்டில் பொங்கியும் விட்டார்கள். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் கட்டி அப்படியே இருந்தது. வெட்டத்தான் வேண்டும் என்றார்கள்.

காலை 6.10க்கு வாடகைக் காரில் புறப்பட்டோம், முந்நூறு ரூபா. அக்கா பின்னால், நான் முன்னால். வல்லை வெளிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறங்கி நடக்கச் சொன்னார்கள். பத்து அடியில் எனக்கு மூச்சு முட்டியது. சாரதி அக்காவிடமிருந்த எக்ஸ்ரேயை வாங்கி, வெயிலுக்கு நேரே இராணுவச் சிப்பாய்க்குப் பிடித்துக் காட்டினார். அதுவரை எனக்கு ஒருவரும் அதைக் காட்டியதில்லை. நடுநெஞ்சில் பாதித் தேங்காயளவு வெள்ளை.

“அண்ணை, உது என்ரை நெஞ்சோ?” என்று சாரதியைக் கேட்டேன்.

“ஓம் தம்பி. பாராதையும், ஏறும்.”

சிப்பாய் போகச் சொல்லிக் கையசைத்தான். ஒரு மணித்தியாலப் பாதை. நகரத்து மருத்துவமனையை அடைய 8.40 ஆனது.

மறுநாள் நெஞ்செலும்பைப் பிளந்து ஐந்து மணித்தியாலம் வெட்டினார்கள். மூன்றாம் நாள் சத்திரசிகிச்சை நிபுணர் கட்டிலருகே வந்தார்.

“கட்டி முழுசா வந்திட்டுது. அதுக்குள்ளை மயிர் இருந்தது. ஒரு பல்லும் இருந்தது.”

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்தாள். “ஐயோ டொக்டர், இவனுக்குள்ளை ஒரு பிள்ளையோ?”

“இல்லையம்மா. கருவிலை வழிதவறி நிண்ட கலங்கள், செல்கள். புற்றுப் பகுதியை மருந்து அழிச்சிருக்கும். மயிரும் பல்லுமான உந்தப் பகுதி மருந்துக்கு அசையாது. விட்டிருந்தால் வளர்ந்து மூச்சை அடைச்சிருக்கும்.”

என் நாக்கு தானாகவே வாய்க்குள் இருந்த பற்களைத் தடவியது. அன்று முழுவதும் என்னால் சாப்பிட முடியவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு வெட்டியெடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு வந்தது: உயிருள்ள புற்று இல்லை.

போகிறவர்களுக்கு: பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் கையிலேயே வைத்திருங்கள். திரும்பும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு குழிக்கும் அது உதவும். இரத்தம் சரி என்பதற்காக வெட்டாமல் விட்டுவிடாதீர்கள். உள்ளே என்ன இருந்தது என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஆனால் கூடப் போகிறவரை முதலில் ஒரு கதிரையில் இருத்திவிட்டுக் கேளுங்கள்.