கீரிகள் விரதமிருந்த புரட்டாசி

கரும்பு வெட்டு நடந்த ஒரு மத்தியானம், என் வீட்டுக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மூட்டையாக முடிந்துகொண்டு வந்து சமையற்கட்டு வாசலில் வைத்தார். துண்டு தானாக நகர்ந்தது. உள்ளே இரண்டு கீரிக் குட்டிகள். கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்தியபோது ஓடிப்போன தாய்க் கீரி திரும்பவே இல்லையாம். "எல்லாருக்கும் ஆக்கிப் போடறவ நீதான, இதுங்களையும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கழனிக்குப் போய்விட்டார். அந்தச் சொல்லை நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் உறவில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் குழம்பு கூட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கையால் சாப்பிட்டுவிட்டு வேறு கையைத் தேடிப் போன உயிர் ஒன்றுகூடக் கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

பஞ்சைத் திரித்து ஆட்டுப்பாலில் நனைத்து வாயில் வைத்தேன். பிறகு பால்சோறு. பிறகு பஜாரிலிருந்து வரும் பன்னைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன். இரண்டும் என் முந்தானைக்குள்ளேயே வளர்ந்தன. வளர வளர நாக்கும் வளர்ந்தது. ஆறிய பாலை முகரக்கூட முகராது. நேற்றைய பன் என்றால் தட்டைக் காலால் தள்ளிவிடும். நெய் விட்டுப் பிசைந்தால்தான் சோறு. குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போட்டாலும் தும்மிவிட்டு நகர்ந்துவிடும். அதைப் பார்க்கத் தெருவே வந்தது. "கீரின்னா பாம்பு துன்னும்னு சொல்வாங்க, உன் வூட்டுக் கீரி ஐயமாரு வூட்டுப் புள்ளையாட்டம் கீதே" என்பார்கள். எனக்கு அது காதில் தேன்.

அந்த ஆவணியில் என் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகி, தாமலிலிருந்து ஓர்ப்படி வந்து சேர்ந்தாள். ஏரிக்கரை வீட்டுப் பெண். அடுப்பு என்னுடையது, மாட்டுக் கொட்டகையும் கிணற்றடியும் அவளுடையது என்று மாமியார் முதல் நாளே பிரித்துக் கொடுத்துவிட்டார். வந்த வாரத்திலேயே கீரிகளைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தாள். வாலில் மயிர் கொட்டியிருந்தது. பின்னங்கால்களைச் சற்று இழுத்துக்கொண்டுதான் நடந்தன. நானும் அதைப் பார்த்திருந்தேன். வெயில் காலம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் சொன்னாள்: "அக்கா, இதுங்க சோறு துன்ற ஜாதி இல்ல. பச்சையா குடுக்கணும். எலும்போட. இல்லன்னா தை மாசம் தாண்டாது."

நேற்று வந்தவள் என் பிள்ளைகளுக்கு நாள் குறிக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஆக்கிப் போடத் தெரியாதவதான் பச்சையா போடச் சொல்லுவா" என்று மாமியார் காதில் விழும்படி சொன்னேன். அவள் தவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். பதில் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கவிச்சி வாசற்படி தாண்டாது. முட்டைகூடக் கிடையாது. கீரிகளும் எங்களோடு விரதம் இருக்கட்டும் என்று நான் சொன்னபோது மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்டு, படைத்த பொங்கலில் ஒரு கை எடுத்து அவற்றுக்கு வைத்தேன். தின்றன. "வாயில்லா ஜீவன் விரதம் இருக்குது பாரு" என்று ஊரில் பேசினார்கள். அதே வாரம் விதைக்கு வைத்திருந்த வேர்க்கடலை மூட்டையில் எலி புகுந்தது. கீரிகளைக் கொண்டுபோய் அங்கே விட்டோம். எலி மூட்டை மேலிருந்து குதித்ததும் இரண்டும் ஓடிவந்து ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணி, உன் புள்ளைங்களுக்கு ஒரு தாயத்து கட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஓர்ப்படி மட்டும் சிரிக்கவில்லை. அவற்றின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் நான் கீரிகளுக்கு வைத்த தட்டில் பால்சோறு மீந்தது. காரணம் தெரியாமல் நெய்யைக் கூட்டினேன். அப்படியும் மீந்தது. ஒருநாள் தண்ணீர் சேந்தப் போனவள், வைக்கோல் போருக்குப் பின்னால் ஓர்ப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டேன். வாய்க்காலில் அள்ளிய பொடிக் கெண்டைகளைக் கல்லில் வைத்து நசுக்கி, அதில் பன்னைப் பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். கீரிகளில் பெரியது வாயைத் திறக்கவில்லை. அவள் அந்த விழுதை எடுத்து அதன் முன்னங்கால்களில் பூசிவிட்டாள். சுத்தக்கார ஜீவன் அது. காலை நக்கித் துடைத்துத்தானே ஆகவேண்டும். நக்கியது. நின்று யோசித்தது. மறுபடி நக்கியது. அடுத்தடுத்த நாட்களில் நான் அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடியவில்லை. பன் குறைந்துகொண்டே வந்தது. மீன் நசுங்குவதும் குறைந்தது. சில்லிட்ட மீனை அவை தொடாது என்று வெயிலில் காய்ந்த கல்லின் மேல் வைத்து, உயிரோடு இருப்பது போலச் சூடு ஏறிய பிறகுதான் கொடுப்பாள். ஒருநாள் சின்னது முழு மீனையும் தலையிலிருந்து கடித்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. எத்தனையோ பேர் என் சமையலைப் பாராட்டிச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தின்றவர்களை நான் பார்த்ததில்லை. அடுப்பு மூட்டவில்லை, உப்பு போடவில்லை, ஒரு கடுகு தாளிக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

அன்றே மாமியாரிடம் சொல்லியிருக்கலாம். மூன்றாம் சனிக்கிழமை உறவெல்லாம் வரும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அன்று தளிகை போட்டு, தீபம் ஏற்றி, எல்லோரும் கோவிந்தா சொல்லிக் கும்பிட்டு எழுந்தோம். நான் வாயைத் திறக்கப் போனேன். வேர்க்கடலை மூட்டைகள் இருந்த அறையிலிருந்து பெரியது வந்தது. வாயில் தன் உடம்பில் பாதி இருக்கும் ஒரு எலி. இழுத்த கால் இழுக்கவில்லை. என்னைத் தாண்டியது. என் புடவைக் கரை அதன் மேல் பட்டது, அப்படி நெருங்கித் தாண்டியது. நேராகப் போய் ஓர்ப்படியின் காலடியில் எலியைப் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது.

தளிகைக்கு முன்னால் செத்த எலி. கொழுந்தன்தான் ஆரம்பித்தார்: "பெருமாளு ஏறிப் போற கருடன் மட்டும் இன்னா, தயிர்சோறா துன்னுது?" உறவுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மாமியார் சிரிக்கவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். எலியையும் விதைமூட்டை இருந்த அறையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஓர்ப்படியிடம், "இனிமே அதுங்க சாப்பாடு உன் பொறுப்பு. வூட்டுக்குள்ள மட்டும் வேணாம்" என்றார். எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

ஐப்பசி பிறந்ததும் நான் விடவில்லை. ஆட்டு ஈரல் வாங்கி, உப்பில்லாமல் நல்லெண்ணெயில் லேசாக வதக்கி வைத்தேன். முகர்ந்து பார்த்தன. மரியாதைக்கு ஒரு துண்டுகூடத் தின்னவில்லை. "ஒரு தடவை பச்சையா குடு அக்கா, உன் கையிலயும் துன்னும்" என்றாள் ஓர்ப்படி. எனக்கு அவள் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று ஈரலைக் காக்கைக்குப் போட்டேன். அவற்றின் மயிரோ பளபளவென்று வளர்ந்தது. பார்க்கப் பார்க்க அழகாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

மறு வருஷம் அவள் பிரசவத்துக்குத் தாமல் போனாள். வண்டி ஏறும்போது தன் பழைய நீலப் புடவை ஒன்றை என் கையில் வைத்தாள். "இத மேல போட்டுக்கினு குடு அக்கா. வாசன தெரிஞ்சா வந்துடும்." இளையவள் கட்டிக் கழித்த புடவையை மூத்தவள் கட்டுவதா? அதைக் கொடியில் எறிந்துவிட்டேன். கோழிக் கழுத்தும் கெண்டையும் வாங்கி, அவள் செய்தபடியே கல்லில் வைத்துச் சூடேற்றி நானே பச்சையாகக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டும் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. மறுநாளும் தின்னவில்லை. அதற்கு மறுநாள் சின்னது எழுந்திருக்கவே சோம்பியது. அதன் வயிறு ஒட்டிப்போயிருந்தது. நான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போனேன். அந்தப் புடவையைத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வந்தன. என் விரலோடு சேர்த்துக் கடிப்பது போலப் பிடுங்கித் தின்றன. என் கையில்தான் தின்றன, அவள் வாசனையில். அழுகை வந்தது. அது சந்தோஷம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாதம் போகப் போகப் புடவை தோளிலிருந்து மடிக்கு வந்தது, மடியிலிருந்து வைக்கோல் போர் மேல் போனது. கடைசியில் அது இல்லாமலே வந்தன.

ஓர்ப்படி கைக்குழந்தையோடு திரும்பிய அன்று, வந்ததும் வராததுமாகக் கொல்லைக்குத்தான் ஓடினாள். ச்சு ச்சு என்று கூப்பிட்டாள். அவள் மேல் பால் வாசனையும் வசம்பு வாசனையும். கீரிகள் நின்று முகர்ந்தன, பின்வாங்கின, ஓடிவந்து என் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டன. அவள் முகம் சிறுத்துப்போனது. ஒன்றரை வருஷம் நான் வைத்துக்கொண்டிருந்த முகம் அது. நான் நன்றாகவே பார்த்தேன். பிறகுதான் அவள், வைக்கோல் போரின் மேல் செதிளும் ரத்தக்கறையுமாகக் கிடந்த தன் புடவையைக் கண்டாள்.

"கட்டிக்கினியா அக்கா?"

"கட்டிக்கினேன். இப்ப இன்னா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழந்தை எழுந்து அழும்வரை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அடுத்த கரும்பு வெட்டுக்குள் இரண்டும் கழனிப் பக்கமே தங்கிவிட்டன. எலி பிடிக்கத் தெரிந்த கீரிக்கு வீடு எதற்கு? பின்னால் பாகம் பிரிந்தபோது பித்தளைப் பாத்திரம், மாடு, கிணற்று முறை எல்லாவற்றையும் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டோம். நடுவில் சுவர் எழுந்தது. இப்போது இரண்டு பேரும் கட்டையை ஊன்றி நடக்கிறோம். அவள் ஒரு வெள்ளைப் பூனை வளர்க்கிறாள். பல் போன பிறகு அவளுக்குப் பொறுமையும் போய்விட்டது. பேத்தி வைக்கும் பால்சோற்றைத்தான் அதற்கும் தள்ளுகிறாள். காலையில் மீன்காரர் வந்து போனதும் அந்தப் பூனை சுவர் ஏறிக் குதித்து என் கிணற்றடிக்கு வந்துவிடும். இரண்டு கெண்டையை வெயிலில் காய்ந்த கல்லின் மேல் தயாராக வைத்திருப்பேன். "எங்கடி போனே?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அது தின்று முடிக்கும் வரை நான் குரல் கொடுப்பதில்லை.